விடுதி அறையின் தரம் எஸ்கார்ட்டுகளின் வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு முக்கியம்?

கேள்வி: மெக்கே மோட்டல்காரன்

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், மெக்கே நகரின் எல்லையில், 22 அறைகள் கொண்ட பழைய மோட்டல் ஒன்றை நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். காரை அறை வாசலிலேயே நிறுத்திக்கொள்ளும் பழைய பாணிக் கட்டடம். காலைச் சிற்றுண்டித் தட்டை வெளியிலிருந்தே உள்ளே வைப்பதற்காகச் சுவரில் அமைத்த சிறு கதவுகள்கூட இன்னும் சில அறைகளில் இருக்கின்றன. தங்க வருபவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போகிறவர்கள், அல்லது அங்கிருந்து திரும்புகிறவர்கள்.

சென்ற ஆண்டு முன்வரிசையில் எட்டு அறைகளைப் புதுப்பித்தோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரிஸ்பேனிலிருந்து வந்து ஐந்து இரவுகள் தங்கும் பெண்மணி ஒருவர் எங்கள் நிலையான விருந்தினர். அவர் எஸ்கார்ட்டாக, அதாவது பணம் பெற்றுப் பாலியல் சேவை அளிப்பவராகப் பணிபுரிகிறார் என்பதை அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மூன்றாம் முறை வந்தபோது எங்களுக்கே புரிந்துவிட்டது. வாடகையை முன்கூட்டியே கட்டிவிடுவார். நாங்கள் கொடுத்ததைவிடச் சுத்தமாக அறையைத் திருப்பித் தருவார். இரவுக்கு 25 டாலர் மட்டும் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு புதிய அறையைத் தருகிறேன் என்று சொன்னபோது, வேண்டாம், வழக்கம்போல் பின்வரிசைக் கடைசியில் உள்ள 22ஆம் அறையே போதும் என்று சொல்லிவிட்டார். அந்த அறையின் தரைவிரிப்பு நைந்தது, தொலைக்காட்சி சிறியது, குளியலறை ஓடுகள் 1980களின் பழுப்பு நிறம், குளிர்சாதனக் கருவி (ஏசி) ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு லாரிபோல் உறுமும்.

அவரைப் பார்க்க வருபவர்கள் கணிசமான பணம் கொடுத்து வருகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் அறை எப்படி இருக்கிறது என்று பார்க்க மாட்டார்களா? பின்வரிசையையும் புதுப்பிப்பதா, எதில் செலவிடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால் கேட்கிறேன். இத்தொழில் சரியா தவறா என்ற விவாதத்தைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 1: பழைய பயணி

ஐயா, நான் அத்தொழிலில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவள். அவற்றில் ஐந்து ஆண்டுகள் டவுன்ஸ்வில், மெக்கே, எமரால்டு, கிளாட்ஸ்டன் என்று ஊர் ஊராகச் சென்று, ஓர் ஊரில் நான்கைந்து நாள் தங்கிப் பணிபுரிந்தேன். இதை நாங்கள் டூர் என்போம். வாடிக்கையாளர் எங்கள் அறைக்கு வந்தால் இன்கால், நாங்கள் அவர் இருக்கும் இடத்துக்குப் போனால் அவுட்கால். உங்கள் விருந்தினர் செய்வது இன்கால் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அருவருப்பூட்டும் எதுவும் கண்ணிலோ மூக்கிலோ படாதவரை, அறை எத்தனை நட்சத்திரம் என்பது வந்து போகிறவருக்கு நினைவில்கூட இருக்காது. பழைய சிகரெட் நாற்றம், வடிகாலில் முந்தைய விருந்தினரின் முடி, போர்வையில் கறை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அவர் மீண்டும் வர மாட்டார். மூன்றும் இல்லையென்றால் ஓடு பழுப்பா வெள்ளையா என்பதை அவர் கவனிப்பதே இல்லை. ஆனால் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அவர் ஒரு தேர்வை நடத்தி முடித்துவிடுகிறார். காரிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டும்வரை உள்ள அந்த இருபது முப்பது அடிதான் தேர்வு.

உங்கள் ஊரில் சுரங்க வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் ஒளிரும் பட்டை, பெரிய எழுத்தில் வண்டி எண், பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஆடும் கொடிக்கம்பம். அந்த வண்டியில் வருகிறவர் முன்வரிசையில், உங்கள் வரவேற்பறை ஜன்னலுக்கு நேரே, வெள்ளை விளக்கின் கீழ் நிறுத்துவாரா? சுற்றிப் பின்பக்கம் போய் நிறுத்துவார். கதவு திறந்ததும் பெயர் சொல்வதற்கு முன் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான். கடைசி அறைக்கு ஒரு பக்கம் மட்டுமே அண்டை வீடு. 22ஆம் அறையின் மதிப்பு அங்கே இருக்கிறது.

உறுமும் குளிர்சாதனக் கருவியைக் குறையாகச் சொல்கிறீர்கள். நாங்கள் அதற்காகவே அறை தேடியிருக்கிறோம். மோட்டல் சுவர் மெல்லியது. புதிய குளிர்சாதனக் கருவி ஓசையே இல்லாமல் ஓடும். அந்த அமைதியில் பக்கத்து அறைக்காரர் இருமுவது கேட்டால், நாம் பேசுவதும் அவருக்குக் கேட்கும் என்பது வந்தவருக்கு உடனே உறைத்துவிடும். அதன்பின் அவர் மனம் அறையில் இருக்காது.

கணக்கையும் பாருங்கள். இரவுக்கு 25 டாலர் என்றால் ஐந்து இரவுக்கு 125 டாலர். அதை ஈடுகட்ட அவர் தன் கட்டணத்தை உயர்த்த முடியாது, ஏனெனில் புதிய தரைவிரிப்புக்காகக் கூடுதல் பணம் தரும் வாடிக்கையாளர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அறை வாடகை முழுவதும் எங்கள் கைச்செலவு. ஊரை விட்டு வெளியே தங்கிப் பணிபுரிவதால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனாலும் ஊரில் ஆள் வராத வாரத்தில் முதலில் கடிப்பது அந்த வாடகைதான்.

ஒருமுறை வேறோர் ஊரில் ஆசைப்பட்டு, புதிதாகக் கட்டிய அறை ஒன்றை எடுத்தேன். அலங்கார விளக்கு, பெரிய கண்ணாடி, வெள்ளைவெளேரென்ற படுக்கை. வாசலில் ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். முதல் நாள் மாலை வந்தவர் கதவுக்கு நாலடி தூரத்தில் இருந்தபோது அது பளீரென்று எரிந்தது. கதவின் துளை வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் திருடன்போல் திகைத்து நின்று, பைக்குள் கைபேசியைத் தேடுவதுபோல் பாவனை செய்து, திரும்பி நடந்தார். அவ்வளவுதான், அதன்பின் அழைப்புக்குப் பதில் இல்லை. அடுத்த நான்கு நாளும் அந்த விளக்கின்மேல் ஒரு கறுப்பு ஒட்டுப்பட்டை இருந்தது.

செலவிடத்தான் வேண்டும் என்றால் வெந்நீரிலும் துண்டுகளிலும் செலவிடுங்கள். வேலை முடிந்து நேரே வருகிறவர்களின் காது மடலில் நிலக்கரித் தூசி இருக்கும். அவர்கள் முதலில் கேட்பது குளியல். ஒருவருக்கு இரண்டு துண்டு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு எட்டோ பத்தோ ஆகும். உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு நாங்கள் பெட்டி நிறையச் சொந்தத் துண்டுகளையும் விரிப்புகளையும் சுமந்துகொண்டு அலைவோம். கூரைக் குழல் விளக்கு அறையை மருத்துவமனையாக்கிவிடும் என்பதால் மஞ்சள் பல்பு போட்ட ஒரு சிறு மேசை விளக்கையும்தான்.

மறுமொழி 2: பிரிஸ்பேன் இரவுப்பணி

மேலே எழுதிய அம்மையாரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அது மோட்டலுக்குப் பொருந்துவது, நகர மையத்து ஹோட்டலுக்கு அப்படியே பொருந்தாது என்று நினைக்கிறேன். நான் பெரிய ஹோட்டல் ஒன்றில் இரவு வரவேற்பில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அங்கே ஹோட்டலின் பெயரே ஒரு வகையில் பிணை. இணைய விளம்பரங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் போலிகள் ஏராளம். வேறொருவரின் புகைப்படத்தைப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரைச் சந்திக்கப் போகும் வாடிக்கையாளருக்கு, இடம் எது என்று கேட்டவுடன் எல்லோருக்கும் தெரிந்த ஹோட்டலின் பெயர் வந்தால் பாதி அச்சம் போய்விடுகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பல நூறு டாலர் கேட்பவர் புறநகர் மோட்டலின் முகவரியைக் கொடுத்தால், கட்டணமும் இடமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அங்கேயே சந்தேகம் தொடங்கும்.

ஆனால் பெரிய ஹோட்டலுக்கு வேறொரு தொல்லை உண்டு. அறை அட்டையைக் காட்டாமல் மின்தூக்கி மேலே போகாது. எனவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் எஸ்கார்ட்டே கீழே இறங்கி வந்து அழைத்துச் செல்ல வேண்டும். ஒரே மாலையில் ஒரு பெண்மணி ஐந்து முறை இறங்கி ஐந்து பேரை அழைத்துச் சென்றால், எங்களுக்குப் புரிந்துகொள்ள வேறொன்றும் தேவையில்லை. வந்தவருக்கும் கூடத்தில் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் மிக நீளமானது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மிகக் கவனமாகப் படிப்பார்கள். இதனால்தான் தரைத்தளத்தில் மதுக்கூடமோ உணவகமோ உள்ள ஹோட்டல்களை அவர்கள் விரும்புகிறார்கள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அவுட்காலில் எல்லாமே தலைகீழ். அறையை எடுப்பவர் வாடிக்கையாளர், எடைபோடுகிறவர் எஸ்கார்ட். ஹோட்டல் பெயரையும் அறை எண்ணையும் வாங்கிக்கொண்டு, எங்கள் பொது எண்ணுக்கு அழைத்து, இன்ன அறையில் உள்ள இன்னாருக்கு இணைப்புக் கொடுங்கள் என்பார்கள். சொன்ன பெயரில் சொன்ன அறையில் ஆள் எடுத்தால் வருவார்கள், இல்லையென்றால் வர மாட்டார்கள். அங்கே நல்ல ஹோட்டல் என்பதன் பொருள், பதிவேட்டில் உண்மைப் பெயர், கூடத்தில் கேமரா, கத்தினால் ஓடிவர ஆள்.

மறுமொழி 3: பெயர் வேண்டாம்

நான் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். மனைவி இறந்தபின் சில ஆண்டுகள் மோட்டலுக்கும் பெரிய ஹோட்டலுக்குமாகச் சென்றிருக்கிறேன். எதையும் நியாயப்படுத்த வரவில்லை.

அறைகளை நினைவுபடுத்திப் பார்க்க முயன்றேன். ஏறத்தாழ ஒன்றுமே நினைவில் இல்லை. நினைவில் இருப்பவை இரண்டுதான். ஓர் அறையில் படுக்கைத் தலைமாட்டுப் பலகை சுவரோடு பிணைக்கப்படாமல், சற்று அசைந்தாலே சுவரில் இடித்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். அந்த அவமானம் இன்னும் இருக்கிறது. மற்றோர் அறை மிகச் சாதாரணமானது, ஆனால் அங்கிருந்த எஸ்கார்ட் நாற்காலியின் மேல் ஒரு புதிய துண்டையும், பிரிக்காத சோப்பு ஒன்றையும், ஒரு தம்ளர் தண்ணீரையும் எடுத்து வைத்திருந்தார். விருந்தினரை எதிர்பார்த்த வீடுபோல் இருந்தது. அங்கேதான் மீண்டும் சென்றேன்.

இரவு முழுவதும் தங்குவதென்றால் கதை வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மெத்தையும் திரைச்சீலையும் காலை உணவும் அப்போது கண்ணில் படும். ஒரு மணி நேரத்துக்கு இவற்றால் ஆவதொன்றும் இல்லை.

மறுமொழி 4: சட்டம் வாசிப்பவன்

மோட்டல்காரர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வட்டாரத்துச் சுரங்க ஊரான மொரன்பாவில் இதே விஷயம் வழக்காகியிருக்கிறது. பலமுறை தங்கிய ஓர் எஸ்கார்ட்டுக்கு 2010இல் ஒரு மோட்டல் அறை மறுத்தது. அவர் பாகுபாடு என்று முறையிட்டார். முதலில் தோற்று, 2012இல் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டில் வென்றார். அதே ஆண்டு நவம்பரில், அறையில் பாலியல் தொழில் நடக்கிறது என்று நியாயமாக நம்பினால் விடுதிக்காரர் இடம் மறுக்கலாம் என்று மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மோட்டலின் பக்கமே தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்ட் 2 முதல் நிலைமை மாறிவிட்டது. குயின்ஸ்லாந்தில் பாலியல் தொழில் குற்றவியல் சட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டதோடு, விடுதிக்காரர்களுக்கு இருந்த அந்த விலக்கும் நீக்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் 1995இலேயே இந்தப் பாதையில் இறங்கியது, நியூசிலாந்து 2003இல்.

எனவே ஓசை, வருகையாளர், வண்டி நிறுத்தம் பற்றி விதி வைத்தால், எல்லா விருந்தினருக்கும் பொருந்துமாறு வையுங்கள். அந்த ஒருவருக்கு மட்டும் வாடகையை ஏற்றுவது சிக்கலில் கொண்டுபோய் விடும். தங்கியிருப்பவர் தானாகப் பேசாமல், சாவியும் பணமும் கடவுச்சீட்டும் வேறொருவர் கையிலேயே இருந்தால் அது வேறு விஷயம். அங்கே காவல்துறையை அழைக்கத்தான் வேண்டும். நீங்கள் விவரித்த பெண்மணியின் நிலை அதுவல்ல.

மறுமொழி 5: பழைய பயணி

பிரிஸ்பேன் நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஹோட்டலின் பெயர் ஆளை வரவழைக்கும் என்பது உண்மை. ஆனால் அவரைத் திரும்ப வரவழைப்பது பெயரல்ல. மேலே ஒருவர் எழுதிய அந்தப் பிரிக்காத சோப்புதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் சில சமயம் நல்ல அறை எடுத்தது வாடிக்கையாளருக்காக அன்று. நாள் முழுவதும் அதே நான்கு சுவருக்குள் இருப்பது நாங்கள்தான். வேலை முடிந்ததும் அதே அறையில்தான் நூடுல்ஸைச் சூடாக்கிச் சாப்பிட வேண்டும், அதே படுக்கையில்தான் தூங்க வேண்டும். திறக்கும் ஜன்னல், உள்பக்கம் உறுதியான தாழ்ப்பாள், கைபேசிக்கு ஒழுங்கான சிக்னல் இவற்றை நான் எந்த அலங்காரத்துக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மறுமொழி 6: மெக்கே மோட்டல்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை ஏழு மணிக்கு என் காரைப் பின்பக்கமாக ஓட்டிச் சென்று நிறுத்தி, வந்தவரைப்போல் 22ஆம் அறைவரை நடந்து பார்த்தேன். வரவேற்பறையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. சலவை அறைச் சுவர் மறைக்கிறது. ஆறு ஆண்டுகளில் இப்போதுதான் கவனித்தேன். அறையின் தாழ்ப்பாள் தளர்ந்து ஆடுகிறது, கதவில் வெளியே பார்க்கும் துளையும் இல்லை. அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

பின்வரிசையின் தரைவிரிப்புத் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, வெந்நீர்த் தொட்டியை மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். தலைமாட்டுப் பலகைகளைச் சுவரோடு பிணைக்கும் வேலையை நானே தொடங்கிவிட்டேன். முன்வரிசை முழுவதும் ஆள் அசைந்தால் எரியும் விளக்குகளைச் சென்ற ஆண்டு பெருமையோடு பொருத்தியவன் நான் என்பதை மட்டும் இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். துண்டுகளை அவர் கேட்காமலே கூடுதலாக வைத்தால், தெரிந்துகொண்டோம் என்று சொல்வதுபோல் ஆகி அவருக்குச் சங்கடமாகுமா? இதற்கு மட்டும் பழைய பயணி அம்மா விடை சொன்னால் நல்லது.

மறுமொழி 7: பழைய பயணி

எல்லா அறைகளுக்கும் வையுங்கள், ஐயா. சுரங்கத்துக்காரர்களும் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான்.