வீட்டுத் தேன் நுரைத்துக்கொண்டு வருகிறது, அவசரம்

கொருக்குப்பேட்டை_குமரன்:
மாடியில் வைத்திருக்கும் தேனீப் பெட்டியிலிருந்து போன வாரம் தேன் எடுத்தோம். பிழிந்து வடிகட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்தேன். இன்று மூடியைத் திருகினால் புஸ்ஸென்று காற்று, ஒரு விரல் உயரத்துக்கு நுரை, புளித்த வாடை. தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இந்தத் தேனை நாக்கில் தொட்டுத்தான் சேனை வைக்கணும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். காய்ச்சினால் சரியாகுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மாதவரம்_செல்வி:
என்ன தேனீ? அடுக்குத் தேனீயா, இத்தாலியனா? அடை மூடியிருந்ததா? எதையுமே சொல்லாமல் சீக்கிரம் என்றால் எப்படி தம்பி?

எண்ணூர்_பாபு:
பாட்டிலில் ஈரம் இருந்திருக்கும். கடல்காற்றில் எங்கள் வீட்டு உப்பே கசிகிறது.

தேன்பெட்டி_ராஜா (மூத்த உறுப்பினர்):
இதை எத்தனை முறை எழுதுவது? தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. தேனீ இறக்கையால் விசிறி, நீரை வற்றவைத்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். முக்கால்வாசியாவது மூடாத அடையைத் தொடக்கூடாது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனிலுள்ள ஈஸ்ட் வேலையைக் காட்டிவிடும். பெட்டி வாங்கிவிட்டால் போதுமா?

வியாசர்பாடி_வேலு:
கரும்பு ஜூஸ் கடையில் மேய்ந்த தேனீயாக இருக்கும் ப்ரோ. எங்கள் தெருக் கடையில் டம்ளருக்குள்ளேயே விழுகிறது.

ராயபுரம்_நர்ஸ்:
புளித்தது இருக்கட்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது. பொட்டுலினம் கிருமியின் வித்து தேனில் இருக்கலாம். பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும், பிள்ளை துவண்டுவிடும். வீட்டில் காய்ச்சினாலும் வித்து சாகாது.

எண்ணூர்_பாபு:
தாத்தா காலத்திலிருந்து சேனை வைத்துத்தான் வளர்ந்தோம். நாங்கள் துவண்டா போனோம்?

மாதவரம்_செல்வி:
துவண்ட பிள்ளை இங்கே வந்து பதில் எழுதாது, பாபு அண்ணா.

எண்ணூர்_பாபு:
அப்போ சடங்கே வேண்டாமா?

ராயபுரம்_நர்ஸ்:
தாய்மாமன் மடியில் வாங்கிக் கொஞ்சட்டும், யார் தடுத்தது? நாக்கில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை_குமரன்:
கொட்டாத தேனீ. கறுப்பாக எறும்பு மாதிரி இருக்கும். மீட்டர் பெட்டியில் கட்டியிருந்த கூட்டை அப்பா மரப்பெட்டிக்கு மாற்றினார். அடை கிடையாது, கறுப்புக் குப்பி குப்பியாக இருந்தது. எல்லாவற்றையும் துணியில் போட்டுப் பிழிந்துவிட்டேன்.

மாதவரம்_செல்வி:
அட, கொசுத்தேனீ! அதன் தேன் இயல்பிலேயே நீர்த்து, புளிப்பாகத்தான் இருக்கும். சில குப்பிகளில் தேன், சிலவற்றில் மகரந்தம். சேர்த்துப் பிழிந்ததால் சீக்கிரம் நுரைத்திருக்கிறது. அடுத்த தடவை தேன் குப்பியை மட்டும் துளைத்து சிரிஞ்சால் உறிஞ்சுங்கள், கூடும் சிதையாது. இப்போதைக்கு ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், காற்று சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும்.

தேன்பெட்டி_ராஜா (மூத்த உறுப்பினர்):
கொசுத்தேனீ என்றால் கணக்கே வேறு. அதைத் தலைப்பிலேயே போடத் தெரியாதா? நான் சொன்னது அடுக்குத் தேனீக்கு நூற்றுக்கு நூறு சரி.

கொருக்குப்பேட்டை_குமரன்:
ஃபிரிட்ஜில் வைத்தாச்சு, நுரை குறைந்திருக்கிறது. சேனை பற்றி அம்மாவிடம் டாக்டரே பேசிவிட்டார். நன்றி.

வியாசர்பாடி_வேலு:
ப்ரோ, எங்கள் மீட்டர் பெட்டியிலும் இதே கூடு இருக்கிறது. அப்பா எப்படி மாற்றினார்? ராணி தானாக வந்ததா?