படிவம் 2 பிள்ளைகளிடம் வேப், கெத்தும்: பெ.ஆ.சங்கம் உருப்படியாக என்ன செய்யலாம்?

கெட்டில்_அம்மா எழுதியது:

வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்தின் கோல கெட்டில் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறேன். எங்கள் இந்தியப் பிள்ளைகளில் நிறைய பேர் சுற்றுவட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்து வருகிறவர்கள். போன மாதம் படிவம் 2 (14 வயது) பையன் ஒருவனின் பென்சில் பெட்டியில் வேப், அதாவது மின்சிகரெட், அகப்பட்டது. இளஞ்சிவப்பு மூடி, மாம்பழ வாசம், பார்க்க அசல் ஹைலைட்டர் பேனாதான். நானே கையில் வாங்கிப் பார்த்தும் சட்டென்று பிடிபடவில்லை. அதற்கு முன்பே பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் கிடந்தன, அடியில் கொஞ்சம் பழுப்புத் தண்ணீரோடு. இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கெத்தும், அதாவது போதை தரும் இலையைக் காய்ச்சிய தண்ணீர், என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது சங்கத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: மண்டபத்தில் பெரிய கூட்டம் வைப்போம், போலீசைக் கூப்பிடுவோம், திருந்திய ஒருவரை அழைத்து வந்து கதை சொல்ல வைப்போம், பயங்கரமான படங்களைப் போட்டுக் காட்டுவோம், அப்புறம் எல்லாருக்கும் திடீர் சிறுநீர்ப் பரிசோதனை. அந்தப் பையனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிட வேண்டும் என்றும் இரண்டு பேர் நிற்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசக் கையில் ஆதாரமும் இல்லை. இருப்பது கொஞ்சம் பணம், அதை எதில் போட்டால் பிள்ளைகளுக்குப் பயன்படும்? இன்னொன்று, ஒரு தாய் தன் மகன்மேல் சந்தேகப்பட்டால், கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் இல்லாமல் யாரிடம் போவது?

பழைய_கவுன்சிலிங்_டீச்சர் எழுதியது:

உங்கள் மனசு சொல்வது சரிதான்மா. இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், அதனால் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் தடுப்பு நெறிமுறைகளை வெளியிட்டன. பல நாட்டு ஆய்வுகளை அலசி எழுதியது. பள்ளியில் எது பலன் தருவதில்லை என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது: வெறும் சொற்பொழிவு, பயமுறுத்துவது, முன்பு பழக்கத்தில் இருந்தவரை மேடையேற்றுவது, போலீஸ்காரரை விட்டுப் பாடம் நடத்துவது. திடீர் பரிசோதனையும் பலன் இல்லாதவற்றில்தான் வருகிறது. உங்கள் சங்கத்தின் பட்டியல் அப்படியே அங்கே இருக்கிறது, இதை அச்செடுத்துக் கூட்டத்தில் வையுங்கள். திருந்தி வந்தவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினான்கு வயசுப் பையன் அவரைப் பார்த்து, ‘இவர் எல்லாம் போட்டும் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்றும் எடுத்துக்கொள்வான்.

பலன் தருவது சின்ன வகுப்பாக, வாரா வாரம், பிள்ளைகளையே பேச வைத்துச் செய்வது. நண்பன் நீட்டும்போது முகம் முறிக்காமல் எப்படி மறுப்பது என்று எதிரெதிரே நின்று பழக விடுவது. ‘எல்லாரும் இழுக்கிறார்கள்’ என்று ஒவ்வொரு பிள்ளையும் நம்பிக்கொண்டிருக்கும், உண்மையில் இழுக்காதவர்கள்தான் அதிகம் என்று தெரிந்தாலே பாதி வேகம் அடங்கிவிடும். நம் பள்ளிகளில் பி.பி.டி.ஏ. என்ற போதைத் தடுப்புக் கல்வி ஏற்கெனவே இருக்கிறது. அது பதாகையும் சுவரொட்டிப் போட்டியுமாக நின்றுவிடாமல் இருக்கிறதா என்று சங்கம் கேட்க வேண்டும். கேட்கலாம், உங்களுக்கு உரிமை உண்டு.

வேப் பற்றி ஒன்று. நிக்கோட்டின் திரவத்தை 2023 மார்ச் 31-இல் விஷப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்ற புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் (சட்டம் 852) நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1-இல். இடையில் ஒன்றரை வருஷம் கதவு திறந்தே கிடந்தது. உங்கள் படிவம் 2 பையன் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பான். அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்?

கூலிம்_ஷிப்ட் எழுதியது:

அக்கா, நானும் தோட்டத்துப் பையன்தான், இப்போது கூலிமில் டெக்னிஷியன். டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியருக்கு என் அப்பா பேர், பாட்டி பேர் எல்லாம் தெரியும். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் புகுமுக வகுப்பில், அதாவது படிவம் 1-க்கு முன் மலாய் தேற ஒரு வருஷம் படிக்கும் வகுப்பில், போட்டார்கள், மலாய் சரியாக வராது, வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். என் பேரைக் கேட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்த முதல் ஆட்கள் பஸ் நிறுத்தத்து அண்ணன்மார்தான். போதைச் சாமான் எல்லாம் அப்புறம் வந்தது.

பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால் ஆள் இருக்காது. அம்மா தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அப்பா லோரி. இருட்டும்வரை என்ன செய்வது? பசியும் இருக்கும். ஆகவே, காசு இருந்தால் பேனர் அடிக்காதீர்கள், அந்த நேரத்துக்குச் சோறும் பந்தும் கொடுங்கள். எங்கள் கோயில் மண்டபத்தில் சிலம்பம் நடந்தவரை நான் அங்கேதான் கிடந்தேன். மாஸ்டர் வேறு ஊருக்குப் போனதும் நின்றுவிட்டது.

பழைய_கவுன்சிலிங்_டீச்சர் எழுதியது:

தம்பி சொல்வதைத்தான் ஐஸ்லாந்து நாடு முழுக்கச் செய்து பார்த்தது. 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய ஒரு மாதத்தில் குடித்து வெறித்தவர்கள் 1998-இல் நூற்றுக்கு 42 பேர், 2016-இல் 5 பேர். விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் போட்டார்கள், பெற்றோரே ராத்திரியில் தெருவில் நடந்து பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பணக்கார நாடு, உண்மை. ஆனால் சாயங்காலம் மண்டபத்தைத் திறந்து வைப்பது நம்மாலும் ஆகும்.

பாலிங்_மாமா எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், என் அக்கா மகனோடு அலைந்து தெரிந்துகொண்டது. ஏ.ஏ.டி.கே. எனும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு நேராகப் போகலாம். 1983-ஆம் ஆண்டுச் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்படி ஒருவர் தாமாகவே சிகிச்சை கேட்கலாம், 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பிடிபட்டுப் போவது வேறு, தானாகப் போவது வேறு, இதை எல்லாத் தாய்மாருக்கும் சொல்லுங்கள். ராத்திரியில் வீட்டில் ரகளை என்றால் 15999, தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

எல்லாச் சாமானுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. ஹெராயினுக்கு 2005-இலிருந்து அரசு மெத்தடோன் கொடுக்கிறது. ஷாபு எனும் மெத்தாம்பெட்டமினுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது, ஆலோசனை, தூக்கம், சாப்பாடு, கூட ஓர் ஆள், இதுதான். கெத்துமை ‘வெறும் இலைதானே’ என்று நம் ஆட்களே லேசாகச் சொல்வார்கள். வெயிலில் வேலை செய்தவர்கள் அசதிக்குக் குடித்ததும் உண்மை. பிள்ளைகள் குடிப்பது இருமல் மருந்தும் கோலாவும் கலந்தது, அது வேறு கதை. என் அக்கா மகன் மெலிந்து, மலச்சிக்கலோடு, ராத்திரி கண் மூடாமல் கிடந்தான். குடிக்காத நாளில் மூட்டெல்லாம் வலி, மூக்கில் தண்ணீர், எரிந்து விழுவான். அடிக்க வேண்டாம், முதலில் கிளினிக்.

கெட்டில்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாமா எழுதியதை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒரு தாய் எனக்குத் தனியாக எழுதினார், அவரை நாளைக்குப் பார்க்கிறேன். டீச்சர், பரிசோதனை வைத்தே ஆக வேண்டும் என்று இன்னும் சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பையனை என்ன செய்வது என்பதும் முடிவாகவில்லை.

பழைய_கவுன்சிலிங்_டீச்சர் எழுதியது:

வேப் திரவத்தில் இப்போது கலந்து வரும் செயற்கைக் கஞ்சா வகைகள் சாதாரணக் கஞ்சா பரிசோதனைப் பட்டையில் காட்டாது, அவர்களிடம் சொல்லுங்கள். ‘இல்லை’ என்று வந்த முடிவை நம்பி வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவார்கள், அது இன்னும் ஆபத்து.

பையனை அனுப்பாதீர்கள். அவனைப் பார்க்க ஒரு பெரியவர் இருக்கும் ஒரே இடம் பள்ளிதான், அதையும் பூட்டினால் பஸ் நிறுத்தம்தான் மிச்சம். கட்டொழுங்கு ஆசிரியர் தண்டனை கொடுக்கட்டும், அது வேண்டும், ஆனால் பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் ஆலோசக ஆசிரியரைப் பார்க்கட்டும். அவன் அம்மாவின் ஷிப்ட் நேரத்தைக் கேட்டு அதற்கேற்றபடி சந்திப்பை வையுங்கள், காலை பத்து மணிக்கு வா என்றால் அவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். மண்டபச் சாவி கோயில் நிர்வாகத்தில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள், சிலம்பத்துக்கு சுங்கை பட்டாணியில் எனக்குத் தெரிந்த மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், பேசிப் பார்க்கிறேன்.