உலகச் சுற்றுக் கப்பல் பயணம்: கிளம்புவதற்கு முன் நாங்கள் செய்தவை

ஜனவரியில் கிளம்பி மே மாதத்தில் முடிகிற சொகுசுக் கப்பல் ஒன்றில் நானும் என் கணவரும் உலகத்தைச் சுற்றி வந்தோம். அடுத்த முறை போகப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை உடை எடுத்துக்கொள்வது என்றுதான். அதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் நேரமெல்லாம் போனது விசாவிலும் மருந்திலும், பூட்டிவிட்டுப் போகிற வீட்டிலும்தான். கப்பலில் பழகியவர்களும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு வாரப் பயணத்துக்குத் தயாராவது போல இதற்குத் தயாரானால் போதாது. நான்கைந்து மாதம் உங்கள் வாழ்க்கை முழுவதும் தண்ணீர்மேல் நடக்கப் போகிறது.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஆறு மாதத்தைப் பயணம் முடிகிற நாளிலிருந்து எண்ண வேண்டும். வெற்றுப் பக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். முழுசாக வெற்றுப் பக்கம் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்கிற நாடுகள் உண்டு. சந்தேகமாக இருந்தால் காலம் மிச்சம் இருந்தாலும் புதுசு வாங்கிவிடுங்கள். அதுவும் விசா வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே.

அடுத்தது விசா. கப்பல் நிறுவனம் தருகிற துறைமுகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எங்கெங்கே விசா வேண்டும் என்று ஒவ்வொன்றாக நீங்களே பாருங்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டாம். "நான் அங்கே இறங்கப் போவதே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். இறங்காவிட்டாலும், கப்பல் அந்தத் துறைமுகத்துக்குள் வந்தாலே விசா கேட்கிற நாடுகள் இருக்கின்றன. ஒரே ஒரு நாட்டு விசா குறைந்தாலும் முதல் துறைமுகத்திலேயே கப்பலில் ஏற்ற மறுக்கலாம்.

எங்கள் கண்முன்னே அது நடந்தது. செக்-இன் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி. கவுன்ட்டரில் இருந்த பெண் அவர்களுடைய ஷெங்கன் விசாவை (கிரீஸ், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, துருக்கி இதில் சேராது) பார்த்துவிட்டு, எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். அதில் 01 என்று அச்சாகியிருந்தது. பல முறை நுழைய 'மல்ட்' (MULT) என்று இருக்க வேண்டும். எங்கள் கப்பல் கிரீஸ் போய், அங்கிருந்து துருக்கி போய், மறுபடி இத்தாலிக்கு வருகிற மாதிரி திட்டம். துருக்கியில் கால் வைத்ததும் அந்த விசா தீர்ந்தது. இத்தாலிக்குள் நுழைய வழியில்லை. அந்த அம்மாவின் கை நடுங்கியது. ஏஜென்டுக்கு போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு அவர்கள் ஏறவில்லை. புது விசா எடுத்து, சில வாரம் கழித்து வேறொரு துறைமுகத்துக்கு விமானத்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள். பிற்பாடு நல்ல நண்பர்களாகிவிட்டோம். அந்தக் கட்டத்தைப் பற்றிக் கட்டாயம் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று அந்த அம்மாவே கேட்டுக்கொண்டார்.

மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவுகிற நோய், மஞ்சள் காமாலை இல்லை) தடுப்பூசியும் இதே மாதிரி சங்கிலி விவகாரம். நோய் இருக்கிற நாடு கேட்காவிட்டாலும், அங்கே நின்றுவிட்டு வந்தீர்கள் என்பதற்காக அடுத்த நாடு சான்றிதழ் கேட்கும். அதனால் துறைமுகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பிடிபடாது, வரிசையாகப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுளுக்கும் செல்லுபடி என்று விதி மாறிவிட்டது. பழைய சான்றிதழ் இருந்தால் தேடி எடுங்கள். ஆனால் 60 வயது தாண்டியவர்களுக்கு முதல் முறையாக இந்த ஊசி போட டாக்டர்கள் தயங்குவார்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கிற ஊசி, அந்த வயதில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். என் கணவருக்கு அதுதான் பிரச்சினை. டாக்டர் எங்கள் பயண வரைபடத்தை மேசைமேல் விரித்து, துறைமுகம் துறைமுகமாகப் பார்த்து, கடைசியில் ஊசி வேண்டாம் என்று விலக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பி, ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் எங்களுக்கு நிம்மதி வந்தது. வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

மருந்து விஷயத்தில் தாராளமாக இருங்கள். பயண நாட்களுக்குப் போக இன்னும் ஒரு மாதத்துக்காவது சேர்த்து வாங்குங்கள். பாதி கைப்பையில் ஒருவரிடம், பாதி இன்னொருவரிடம். பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. மருந்துக்கடையில் தந்த உறையோடு, மருந்தின் பொதுப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் இல்லை) எழுதிய டாக்டர் கடிதத்தோடு இருக்கட்டும். நம் வீட்டில் சாதாரணமாகப் புழங்குகிற மாத்திரை இன்னொரு நாட்டில் குற்றமாகிவிடும். சூடோஎபெட்ரின் கலந்த சில சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன் கலந்த வலி மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்அனுமதி வேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் மருந்துக்கென்று தனி ஃபிரிட்ஜ் கேட்டு வாங்குங்கள். கேபினில் இருக்கிற குட்டி ஃபிரிட்ஜ் எப்போதும் ஒரே குளிரில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் சாப்பிடுகிறவர். பசிபிக்கில் மேற்கு நோக்கிப் போகும்போது சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டினால் காலண்டரில் ஒரு நாள் காணாமல் போகும். அந்த முறை போனது திங்கட்கிழமை! ஞாயிறு இரவு தூங்கி எழுந்தால் செவ்வாய். அவர் கொஞ்சமும் பதறவில்லை. கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, மாத்திரைப் பெட்டியின் மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, "திங்கள் வராவிட்டால் செவ்வாய் காலை" என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மேற்கே போகும்போது பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்றைக்கெல்லாம் நாளுக்கு 25 மணி நேரம். நேரம் பார்த்து மருந்து எடுக்கிறவர்கள், முக்கியமாகச் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், இதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அந்தப் பாட்டியைவிட ஒழுங்காகத் தயாராகி வந்தவரை நான் கப்பலில் பார்க்கவில்லை.

இன்சூரன்ஸில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தொடர்ச்சியாக எத்தனை நாள் வரை செல்லும் என்பது. ஆண்டு முழுவதற்கும் எடுக்கிற பல பாலிசிகளில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள்தான் என்று வரம்பு இருக்கும். அவசரமென்றால் கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற செலவு எவ்வளவு வரை தருவார்கள், ஏற்கெனவே இருக்கிற நோய்கள் சேருமா என்று பாருங்கள். பாலிசி எடுத்த பிறகு டாக்டர் மருந்தை மாற்றினால் அதையும் தெரிவித்துவிடுங்கள். கப்பலில் டாக்டர், நர்ஸ், எக்ஸ்ரே எல்லாம் உண்டு. பில்லும் உண்டு, அது உங்கள் கேபின் கணக்கில் ஏறும். பல் டாக்டர் பொதுவாக இருக்க மாட்டார். கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதே பல்லைக் காட்டிவிடுங்கள், வேர்ச் சிகிச்சை ஏதாவது தேவைப்பட்டால் முடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

வீட்டைப் பொறுத்தவரை, பலரையும் கலங்க வைத்தது ஓடிபி. ஒருநாள் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பணம் அனுப்ப வேண்டும், வங்கி அனுப்புகிற எண் நடுக்கடலில் வந்து சேரவில்லை. வைஃபை நன்றாகத்தான் இருந்தது, எஸ்எம்எஸ்ஸுக்கு டவர் வேண்டுமே! வைஃபை வழியாக அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வருகிற வசதி உங்கள் சிம்மில் உண்டா, வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தர வழி இருக்கிறதா என்று வீட்டிலிருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். பயணத்தின் நடுவில் காலாவதியாகிற கார்டு இருந்தால் முன்கூட்டியே மாற்றுங்கள். வீடு பல வாரம் ஆளில்லாமல் கிடந்தால் வீட்டு இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம், அதையும் கேளுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சாவியும், தேவையானால் கையெழுத்துப் போடுகிற அதிகாரப் பத்திரமும் இருக்கட்டும்.

சரி, உடை. சொகுசுக் கப்பல்களில் பலவற்றில் துவைத்துக் கொடுப்பது கட்டணத்திலேயே அடங்கும். ஆகவே பத்து நாளைக்கு வேண்டிய உடை, விருந்து இரவுகளுக்கு இரண்டு மூன்று நல்ல உடை, குளிருக்கு ஒரு கனத்த மேல்சட்டை, பழகிய காலணி. நிறுவனத்தின் உடை விதியை ஒருமுறை படியுங்கள், ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபடும். அவ்வளவுதான்.

*

மேலே சகோதரி எழுதியதில் விசா பகுதியை நான் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் தனியாகப் போய் வந்தவன். கேபின் பற்றியும் கடல்நாட்கள் (துறைமுகமே வராமல் கடலிலேயே போகிற நாட்கள்) பற்றியும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கேபின் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தளத்தை மட்டும் பார்க்காமல் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு நேர்கீழே இருந்த ஒரு நண்பருக்கு விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம்தான் அலாரம். இரண்டு வாரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், நான்கு மாதம் முடியாது. கப்பல் ஆடுவது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம்தான் சரி. உப்பரிகையோடு மேலே உயரத்தில் இருக்கிற பெரிய அறைதான் விலை அதிகம், ஆனால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். பணம் கூடக் கொடுத்தால் எல்லாம் கூடக் கிடைக்கும் என்று இந்த விஷயத்தில் நினைக்க வேண்டாம். பெரும்பாலான கேபின் சுவர்கள் இரும்பு என்பதால் காந்தக் கொக்கிகள் சில எடுத்துப் போங்கள். தொப்பி, பை, ஈரத்துணி எல்லாம் சுவரில் ஏறிவிடும். கெட்டில், இஸ்திரிப்பெட்டி, சர்ஜ் புரொடெக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றைப் பொதுவாக ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். தீப்பிடிக்கிற பயம், நியாயமானதுதான்.

பலரும் மனதைத் தயார்ப்படுத்தாமல் வருவது கடல்நாட்களுக்குத்தான். ஹவாயிலிருந்து தாகித்தி போக ஐந்து நாள் போல ஆகும், கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் மட்டும். எனக்கு அந்த நாட்கள்தான் ரொம்பப் பிடித்தன. ஆனால் பக்கத்துக் கேபின்காரர் மூன்றாம் நாளே தவித்துப்போனார். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது கரை தெரியாத பயணம் ஒன்று போய்ப் பாருங்கள். குயின் மேரி 2 என்கிற கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போவது வழக்கமாக ஏழு இரவு, இடையில் துறைமுகமே கிடையாது. அது பிடித்தால் உலகச் சுற்றும் பிடிக்கும் என்பது என் எண்ணம். முழுச் சுற்றும் போயே தீர வேண்டும் என்றும் இல்லை. 2023 டிசம்பரில் மயாமியிலிருந்து கிளம்பிய செரனேட் ஆஃப் த சீஸ் கப்பலில் 274 இரவுப் பயணம். அதையும் பகுதி பகுதியாக விற்றார்கள். உடல்நிலை சந்தேகமாக இருப்பவர்களுக்கு ஒரு பகுதி போதும், அதில் குறை ஒன்றும் இல்லை.

*

மேலே இருவரும் எழுதியதோடு நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். வழி மாறும் என்று எதிர்பார்த்தே கிளம்புங்கள். 2024 தொடக்கத்தில் செங்கடல் பாதுகாப்பில்லாமல் போனபோது உலகச் சுற்றுக் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. துறைமுகம் மாறினால் விசாவும் தடுப்பூசியும் சேர்ந்து மாறும். பசிபிக்கில் இருக்கிற ஈஸ்டர் தீவில் பெரிய கப்பலைக் கரையோடு நிறுத்துகிற இடமே இல்லை, சிறு படகில்தான் இறங்க வேண்டும். அலை எழுந்தால் தீவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். "இந்த ஓர் இடத்துக்காகத்தான் ஏறினேன்" என்று டெக்கில் நின்று அழுத ஓர் அம்மாவுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தால், அதற்கு விமானத்தில் தனியாகப் போவதே நல்லது.

அப்புறம், சொந்தமாகக் கரையில் சுற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு. போனில் தானாக நேரம் மாறுகிற வசதி கரையின் நேரத்தைக் காட்டும், கப்பல் தன் நேரப்படிதான் கிளம்பும். இரண்டும் ஒன்றாக இல்லாத துறைமுகங்கள் வரும். கையில் கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரண கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். தாமதமானால் கப்பல் நிறுவனமே நடத்துகிற சுற்றுலாவுக்குத்தான் காத்திருப்பார்கள். நீண்ட பயணங்களில் பாஸ்போர்ட்டைப் பெரும்பாலும் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆகவே வண்ண நகல் பையில் இருக்கட்டும். தினமும் கேபினுக்கு வருகிற தாளில் அந்தந்த ஊர்த் துறைமுக ஏஜென்டின் தொலைபேசி எண் இருக்கும், இறங்கும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு வழி கேட்க வேண்டியது அவரிடம்தான்.