56 சைஸ் என்று நம்பி வாங்கினேன்

பன்னிரண்டு வருடமாக நான் ஓட்டிய ஸ்டீல் சைக்கிளில் 56 என்று போட்டிருந்தது. அதில் ஒரு நாளும் கை வலித்ததில்லை. அதனால் யாரோ ஓட்டிய கார்பன் ரோடு பைக் ஒன்று விலைக்கு வந்தபோது நான் கேட்டது ஒரே கேள்விதான்: சைஸ் என்ன? 56 என்றார். கறுப்பு ஃபிரேம். கேபிள் எதுவும் வெளியே தெரியாது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்கு அடியில், அதை உயர்த்தும் ஸ்பேசர் வளையம் ஒன்றுகூட இல்லை. சும்மா நிற்கும்போதே பாயப் போவதுபோல இருந்தது. வாங்கிவிட்டேன்.

முதல் 20 கிலோமீட்டர் சொர்க்கம். 40-ஐத் தாண்டியதும் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்க முடியவில்லை, சாவி விரலில் நிற்கவே இல்லை.

கையுறை மாற்றினேன். ஹேண்டில்பார் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றினேன். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளினேன். அது பெரிய தப்பு, உடம்புப் பாரம் இன்னும் கைமேல் வந்து விழுந்தது. கடைசியில் கூட ஓட்டும் நண்பர் ஒருவர் அளக்கும் டேப்போடு வந்து, இரண்டு சைக்கிளையும் சுவரோரம் நிறுத்தி அளந்தார். பெடல் சுற்றும் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஹெட் டியூபின், அதாவது ஃபிரேமின் முன் குழாயின், மேல்வாய் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அது ரீச். அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது ஸ்டாக். பழையதில் ரீச் 380 மில்லிமீட்டர், ஸ்டாக் 565. புதியதில் 394, 543. அதாவது கை 14 மில்லிமீட்டர் கூடுதலாக நீள வேண்டும், 22 மில்லிமீட்டர் கூடுதலாகக் குனிய வேண்டும்.

அப்புறம் எப்படி இரண்டும் 56? பழையதில் அது சீட்டுக்குக் கீழே இறங்கும் சீட் டியூபின் நீளம், சென்டிமீட்டரில். புதியதில் மேல் குழாய் பின்னால் சரிந்து இறங்குகிறது, சீட் டியூப் 52 தான். மேல் குழாய் படுக்கைவசமாக இருந்திருந்தால் எவ்வளவு நீளம் வரும் என்று கணக்குப் போட்டு 56 என்று ஒட்டியிருக்கிறார்கள். 1990களின் பிற்பாதியில் ஜயன்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் வடிவமைத்த டிசிஆர் என்ற ரோடு பைக் இந்தச் சரிந்த ஃபிரேமைப் பரவலாக்கியது. அதற்குப் பிறகு சீட் டியூப் நீளத்தை வைத்து சைஸ் பார்ப்பதில் அர்த்தமே போய்விட்டது.

ஹேண்டில்பாரை உயர்த்தலாமே என்பீர்கள். முன்பு வைத்திருந்தவர் ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூபுக்குள் ஏறி ஸ்டெம்மைத் தாங்கும் ஸ்டீரர் குழாயை, ஸ்டெம் மட்டத்துக்கு அறுத்துவிட்டார். அறுத்தது அறுத்ததுதான், ஒட்டவா முடியும்? எந்த ஸ்பேசர் இல்லாத முகத்தைப் பார்த்து மயங்கினேனோ, அதுதான் வினை. ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கிடைத்தது. மரத்துப்போவது குறைந்தது. பார்க்கத்தான் கொக்கு கழுத்தை நீட்டியதுபோல இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

*

உங்கள் 56 கதையைப் படித்தேன். உங்களுக்கு ஸ்டீரர், எனக்கு சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட்.

1980களின் இத்தாலிய ஸ்டீல் ஃபிரேம். குழாய்கள் கூடும் இடத்தில் இருக்கும் லக்கை வேல் முனைபோல இழைத்திருந்தார்கள். அதன் விளிம்பில் விரலை ஓட்டினால் பெயின்ட்டுக்கு அடியில் அரம் பட்ட தடம் லேசாகத் தட்டுப்படும். யாரோ ஒருவர் உட்கார்ந்து ராவியிருக்கிறார். அதற்காகவே வாங்கினேன், மறைக்கவில்லை.

சீட் உயரத்தைக் குறைக்கப் போனால் போஸ்ட் அசையவில்லை. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட், நடுவில் பல வருட வியர்வையும் மழைத்தண்ணீரும். அலுமினியம் அரித்துப் பூத்துப் பொங்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஃபிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் வைத்தேன். போஸ்ட்டை வைஸில் பிடித்து ஃபிரேமையே திருப்பிப் பார்த்தேன். கடைசியில் மேலே நீட்டியிருந்ததை வெட்டிவிட்டு, ஆக்சா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து உள்ளிருந்து நெடுக அறுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே வந்தது வெள்ளைப் பொடியும் அலுமினியச் சுருளும்.

அது போதாதென்று பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழலும் பேரிங் தொகுதி. அதை ஃபிரேமில் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப் இடதுதிருகாகத்தான் இருக்கும் என்று மனப்பாடம். வலமாகத் திருப்பினால் கழலும் என்று முழு பலத்தையும் போட்டேன். அது ஆங்கிலத் திருகுக்கு. இத்தாலியத் திருகில் இரண்டு பக்கமும் வலதுதிருகுதான். நான் அரை மணி நேரம் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அது உட்காரும் ஃபிரேம் குழாயான ஷெல்லின் அகலத்தை அளந்திருந்தாலே தெரிந்திருக்கும்: ஆங்கிலம் 68 மில்லிமீட்டர், இத்தாலி 70.

பழைய ஸ்டீல் பார்க்கப் போகிறவர்கள் அலன் கீயைக் கொண்டுபோங்கள். சீட் கிளாம்ப்பைத் தளர்த்தி, சீட்டை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். விற்பவர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

*

கேட்டுச் சிரித்துவிட்டேன் சார், மன்னிக்கவும். இறுக்கிய கதை எனக்கும் உண்டு, பெடலில். இடது பெடல் திருகு தலைகீழ் என்று யாரும் சொல்லவில்லை.

என் பங்குக்கு டயர். 23 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றழுத்தம் 110 பிஎஸ்ஐ அடித்து, ஒவ்வொரு கல்லையும் பல்லால் எண்ணிக்கொண்டு ஓட்டியவன் நான். வேகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. நண்பர் சைக்கிளில் 28 போட்டு 75 பிஎஸ்ஐ மட்டும் அடித்திருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அதே பாதை, மீட்டரில் அதே வேகம், தோள் வலி மட்டும் இல்லை. மறுநாளே எனக்கும் 28 வாங்கினேன். என் ரிம் அகலமானது, அதில் ஏற்றிக் காற்றடித்ததும் டயர் 30-ஆக உப்பிவிட்டது. பிரேக்குக்கு அடியில் காகிதம் நுழையும் இடம்தான் மிச்சம். மழையில் ஒட்டிய மணல் அந்த இடுக்கில் உரசி, ஃபோர்க்கின் பெயின்ட்டை வழித்துவிட்டது. 25-க்கு இறங்கிவிட்டேன்.

*

யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லையே, ஆச்சரியம்தான். ரோடு பைக்கைப் பார்த்ததும் மேல் குழாய்க்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்க்காதவர் யார்? நானும் தூக்குவேன். பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ 2000-இல் விதி கொண்டுவந்தது. அதற்கு வெகுமுன்பே, 1972-இல் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓட்டிச் சாதனை படைத்த டிராக் சைக்கிள் 6 கிலோவுக்கும் கீழே. இத்தாலிய சைக்கிள் தயாரிப்பாளர் எர்னஸ்டோ கொல்னாகோ செய்தது, அதுவும் ஸ்டீல்.

300 கிராம் குறைக்க வீல் மாற்றினேன். அன்று மாலையே இரண்டு 750 மில்லி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏற்றத்தில்தான் கணக்கு உறைத்தது.

*

முதலில் எழுதியவன்தான். அந்தக் கறுப்பு சைக்கிளைக் கொடுப்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். ரீச் 394, ஸ்டாக் 543, ஸ்டீரர் அறுத்தது. உங்கள் சைக்கிளை அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.