புளியறை காத்துல குதிக்கிற சிலந்தி: கண்ணு மட்டும் ஷார்ப்பா வரமாட்டேங்கு

புளியறை தோப்பு:
அண்ணாச்சிமாரே, நம்ம வீடு புளியறையில, செங்கோட்டை தாண்டி கேரளா செக்போஸ்ட்டுக்கு கொஞ்சம் முன்னாடி. பின்னால தென்னந்தோப்பு, வேலியோரம் பூரா உண்ணிச்செடி, அதுல குதிக்கிற சிலந்தி அவ்வளவு கெடக்கு. சின்னப் பூச்சிய கிட்டப் போய் எடுக்கிற 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் ஒன்னு செகண்ட்ஹேண்ட்ல வாங்கி ரெண்டு மாசமா முட்டி மண்ணுல ஊனி எடுத்துப் பாக்கேன், முதுகுல உள்ள முடி ஒவ்வொன்னா எண்ணலாம் போல வருது ஆனா கண்ணு மசமசன்னு போயிருது. ஆடி மாசம் வேற, ஆரியங்காவு கணவாய்ல இருந்து அடிக்க காத்துல எல ஒரு நொடி நிக்க மாட்டேங்கு. லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ 3200 வெச்சு எடுக்கேன், ட்ரைபாடும் போட்டுப் பாத்துட்டேன். லென்ஸ்ல ஏதும் கோளாறா இருக்குமா?

தென்மலை ரப்பர்:
தம்பி லென்ஸ்ல ஒன்னும் இருக்காது. 1:1 அளவுக்கு, அதாவது சென்சார்ல சிலந்தி அதோட நெச அளவுலயே விழுற அளவுக்கு, கிட்டப் போய்ட்டு எஃப் 2.8 வெச்சா ஃபோகஸ்ல நிக்கிற ஆழம் அரை மில்லிமீட்டர்கூட கிடையாது, சிலந்தியே 7, 8 மில்லிமீட்டர்தான், அப்போ முதுகு கிடைச்சா கண்ணு போச்சு. துளைய சுருக்கி எஃப் 11 வைங்க, ஒரு மில்லிமீட்டர் கிட்ட கிடைக்கும், அதுக்கு மேல எஃப் 22ன்னு ஏத்தாதீங்க, படம் மொத்தமா மழுங்கிரும். எஃப் 11ல வெளிச்சம் பத்தாதுல்ல, அதனால ஃபிளாஷ் போட்டே ஆகணும். இதுலதான் உங்க காத்துக்கும் வழி இருக்கு. ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ மேனுவல்ல 1/16 பவர். குறைஞ்ச பவர்ல ஃபிளாஷ் மின்னுற நேரம் ஒரு நொடியில பல ஆயிரத்துல ஒரு பங்குதான், வெளிச்சம் அது ஒன்னுதான்னா ஆட்டத்த நிறுத்துறதும் அதுதான், ஷட்டர் இல்ல. ட்ரைபாட வீட்டுல வைங்க, எல ஆடும்போது கேமரா மட்டும் ஆடாம நின்னு என்ன பிரயோஜனம். எலக்காம்ப இடது கை ரெண்டு விரலால புடிங்க, லென்ஸ் முனைய அதே கை மேல சாய்ங்க, இப்போ எலயும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ஆட்டோ ஃபோகஸ அணைச்சுட்டு ஃபோகஸ் வளையத்த தொடாம உடம்ப மட்டும் லேசா முன்ன பின்ன சாய்ச்சு, நடுவுல உள்ள பெரிய கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு வர்ற நேரத்துல அமுக்குங்க. நான் 40 எடுத்தா ரெண்டுதான் தேறும், அது சாதாரணம்.

தென்காசி கல்யாண வீடு:
ஃபிளாஷ நேரா அடிச்சுராதீங்க, சிலந்தி ஒடம்பு மினுமினுன்னு வெள்ளையா வெந்து போயிரும். டிவி பெட்டியில வர்ற வெள்ளை ஃபோம் ஷீட் இருக்குல்ல, அத லென்ஸுக்கு மேல கூரை மாதிரி வளைச்சு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க, சிலந்திக்கு எவ்வளவு கிட்ட வருதோ அவ்வளவு மென்மையான வெளிச்சம். டிஃப்யூசர், அதான் இந்த ஷீட், என்ன வடிவமோ அதுதான் கண்ணுல பிரதிபலிக்கும், அதனால ஒட்டு போடாம ஒரே ஷீட்டா வைங்க.

அச்சன்கோவில் மழை:
ரெண்டு பேரும் சொன்னது சரி, நான் சிலந்தியப் பத்தி சொல்றேன். அது நம்மள பாக்குது. எட்டு கண்ணுல நடுக்கண்ணு ரெண்டும் உள்ள குழாய் மாதிரி, அந்தக் குழாய உள்ளுக்குள்ளயே அசைச்சுதான் உத்துப் பாக்கும். பக்கத்து கண்ணுல ஏதாவது அசைவு பட்டா சட்டுன்னு முகத்த நம்ம பக்கம் திருப்பும், அதனால பின்னாலயே தொரத்தாதீங்க, எதுத்தாப்ல உக்காந்து காத்திருங்க, தானா திரும்பி லென்ஸப் பாக்கும். விடிகாலை எல ஈரமா குளுந்து கெடக்கும்போது மந்தமாவும் இருக்கும். சிலர் ஃபிரிட்ஜுல வெச்சு எடுக்காங்க, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க, பாவம் அது. மாமரத்துல முசுறு எறும்பு இருந்தா, மலையாளத்துல நீறும்பாங்க, அந்தக் கூட்டத்துல ஒன்னு முன்னங்கால் ரெண்டையும் மீசை மாதிரி தூக்கிட்டு நடக்கும், காலை எண்ணுங்க, எட்டு இருந்தா அது எறும்பு இல்ல, எறும்பு வேஷம் போட்ட குதிக்கிற சிலந்தி. அதுல ஆணுக்கு தாடை நீளமா முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும், தூரத்துல பாத்தா ஒரு முசுறு இன்னொரு முசுற கவ்விட்டுப் போற மாதிரியே இருக்கும்.

புளியறை தோப்பு:
அண்ணாச்சி இன்னைக்கு காலையில 6 மணிக்கு சாரல் விட்ட கையோட எடுத்தேன். வெளுத்த உடம்புல ரெண்டு செவப்பு கோடு, கண்ணச் சுத்தியும் செவப்பு, 60 படத்துல மூணு தேறிச்சு. பெருசாக்கிப் பாத்தா நடுக்கண்ணு ரெண்டுலயும் நான் கட்டுன ஃபோம் ஷீட் வெள்ளைக் கட்டமா தெரியுது, எங்கம்மாகிட்ட காமிச்சேன், எட்டுக்கால் பூச்சிக்கு இமை மயிரு கூடவா இருக்குன்னு கேட்டுட்டு ரொம்ப நேரம் ஃபோன கீழ வைக்கல. மாமரத்துல முசுறும் கெடக்கு, நாளைக்கு கால் எண்ணிப் பாத்துட்டு வாரேன்.