ஹப்பில் விரிசல்: வீட்டிலேயே கழற்றிப் பார்த்த அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

என் பைக்கில் பின்சக்கர ஸ்போக்ஸ் கம்பிகள் ஒரே பக்கத்தில், அதுவும் ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப லூசானது. கடையில் ஒவ்வொரு தடவையும் கோட்டம் எடுத்து, டைட் வைத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் மறுபடி அதே சத்தம். இடம் மாறாமல் லூசாகிறது என்றால் கம்பியைச் சந்தேகப்படுவதைவிட, கம்பி மாட்டியிருக்கும் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, சந்தேகப்படுவதுதான் சரி. சக்கரத்தைக் கழற்றி, பின்கட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டேன். (முகப்பில் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லில் கிரீஸ் கறை இறங்கினால் லேசில் போகாது.)

முதல் வேலை சுத்தம் செய்வதுதான். செயின் கிரீஸும் செம்மண் புழுதியும் சேர்ந்து ஹப்பின் விளிம்பில் தார் மாதிரி உறைந்திருக்கும். அதற்கு அடியில் என்ன இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் டீசல், பனியன் வேஸ்ட், இவ்வளவுதான் தேவை. கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். அலுமினியம் மெத்தென்ற உலோகம். தேய்த்தால் மேல்தோல் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும், அப்புறம் எத்தனை பார்த்தாலும் தெரியாது. ஹப்பின் உள்ளே இருக்கும் பிரேக் டிரம்முக்குள் டீசல் இறங்காதபடி டிரம்மின் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சுத்தமானதும் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், விளிம்போடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு துளையாகச் சுற்றி வந்தேன். செயின் பக்கத்து விளிம்பில், ஸ்போக்ஸ் கொண்டை உட்காரும் ஒரு துளையிலிருந்து வெளி ஓரம்வரை முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. மேலே பட்ட கீறல் என்றால் துடைத்ததும் அடிப்பகுதி பளபளக்கும். இது எத்தனை துடைத்தும் கறுப்பாகவே இருந்தது. நகத்தால் குறுக்கே இழுத்தபோது தட்டியது. அந்தத் துளையும் வட்டமாக இல்லாமல் லேசாக நீண்டிருந்தது. ஹப்பை மாற்றிவிட்டேன். ஸ்போக்ஸும் புதிது போட்டுக் கட்டியாகிவிட்டது, அந்தச் சத்தம் இப்போது இல்லை.

ஆத்தங்குடியிலிருந்து:

நாங்கள் கல் ஏற்றும் ஆட்கள். மொபெட்டின் பின்னால் தரைக்கல் கட்டு ஏறினால் எடை முழுக்கப் பின்சக்கரத்தில்தான். பள்ளத்தில் இறங்கும்போது அது ஹப்பில் போய் அடிக்கும். அதனால் காலையில் வண்டி எடுக்குமுன் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்ஸையும் தட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ‘டிங்’ என்று கேட்டால் சரி, ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் லூசு. ஒன்று லூசானால் அதன் பாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் வாங்கிக்கொள்ளும், அந்தத் துளைகளில்தான் பிறகு வெடிப்பு விடும். சில பேர் பயந்துபோய் எல்லாவற்றையும் முறுக்கோ முறுக்கென்று முறுக்கிவிடுகிறார்கள். அதுவும் கெடுதல், ஹப் விளிம்பை எந்நேரமும் வெளியே பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

தேவகோட்டையிலிருந்து:

லேத்து பட்டறையில் வேலை. “அண்ணே, இதை ஆர்கான் வெல்டிங் வைத்துக் கொடுத்துடுங்க” என்று உடைந்த ஹப்போடு வருகிறவர்கள் உண்டு. எங்கள் முதலாளி வாங்கமாட்டார், நானும் அதைத்தான் சொல்வேன். அது வார்ப்பு அலுமினியம். பற்றவைத்த சூட்டில் சுற்றியிருக்கும் இடம் பலம் இழக்கும், பேரிங் உட்காரும் குழி கோணும். மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்குப் போகிற வண்டியில் அதை நம்பக் கூடாது.

கோடு விரிசலா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பழைய பட்டறை முறை ஒன்று இருக்கிறது. ரயில்வே பட்டறைகளில் ஒரு காலத்தில் அச்சு, சக்கரங்களை இப்படித்தான் பார்த்தார்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயில் கலந்து, சந்தேகப்பட்ட இடத்தில் தடவி ஊறவிடுங்கள். பிறகு காய்ந்த துணியால் துளிகூட ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, வெள்ளை சாக்பீஸை நைஸாக இடித்து மெல்லத் தூவுங்கள். ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கறுப்பு இழையாக எழும்பும். பெயின்ட் மட்டும் வெடித்திருந்தால் இழை எழும்பாது என்று அடித்துச் சொல்ல முடியாது, அந்த இடத்தில் பெயின்டை ரிமூவர் போட்டு எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பேரிங் மாற்றும்போது குளிர்ந்த ஹப்பில் சுத்தியால் அடித்து இறக்குவதால் உண்டாகும் விரிசல்களும் நிறைய. ஹப்பைக் கொஞ்சம் சூடாக்கினால் அலுமினியம் விரிந்து கொடுக்கும், பேரிங் சுலபமாக இறங்கும்.

பள்ளத்தூரிலிருந்து:

என்னுடையது அலாய் வீல், கம்பி இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் சக்கரம். விரிசல் பார்க்க டை பெனிட்ரன்ட் என்று மூன்று டப்பா ஸ்பிரே வருகிறது: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். அதை வாங்கிப் பார்த்தேன். சாயம் அடித்து 10 முதல் 20 நிமிடம் விட வேண்டும். துடைக்கும்போது கிளீனரை நேரே சக்கரத்தில் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். பிறகு டெவலப்பரை அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும்பும். நம் ஊர் சித்திரை வெயிலில் வாசலில் வைத்துச் செய்யாதீர்கள். சாயம் உள்ளே இறங்குமுன் காய்ந்துவிடும். நிழலில், காலை நேரத்தில் செய்தால் நல்லது. எனக்கு ஆரக்கால் ஹப்போடு சேரும் மூலையில் சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை. இரு பக்கத்திலும் பார்த்த பிறகுதான் மனது நிம்மதியானது.

கோட்டையூரிலிருந்து:

பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஹப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தேவகோட்டையிலிருந்து:

மேலே சொன்ன சோதனை எல்லாம் அதற்கும் செய்யுங்கள் தம்பி. அதோடு டிரம்மின் உள்விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். தேய்மானத்துக்கு எல்லை உண்டு, பல ஹப்புகளில் அந்த அளவு வார்ப்பிலேயே எழுத்தாக இருக்கும். 110 மி.மீ. டிரம் என்றால் பெரும்பாலும் 111 தான் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.