புயலுக்கு முன்னால் கடல் சூடானதை நேரில் உணர்ந்தவர்கள் உண்டா?

இன்ஜின்ரூம்வாசி:
2020 மே, வங்கக் கடலில் ஒரு சரக்குக் கப்பலில் தேர்டு இன்ஜினியராக இருந்தேன். ஆம்பன் புயல் கதை எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் உள்ளே வரும் குழாயில் புறங்கையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். அன்று வெதுவெதுவென்று இருந்தது. தெர்மாமீட்டர் 32-ஐத் தாண்டி நின்றது. எங்கள் கூலரையே 32 டிகிரிக் கடலுக்குத்தான் கணக்குப் போட்டுச் செய்திருந்தார்கள். மீட்டர் சிக்கிக்கொண்டதோ என்று விரலால் தட்டினேன். முள் அசையவில்லை. இரண்டாவது பம்பையும் ஓட்டவிட்டோம். 16ஆம் தேதி புயலானது, 18ஆம் தேதி மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றோடு சூப்பர் புயலாகிவிட்டது. அதற்குள் கேப்டன் கப்பலைத் தெற்கே திருப்பியிருந்தார். புயல் போன தடத்தைப் பிறகு குறுக்கே கடந்தபோது அதே மீட்டர் 29 காட்டியது.

ஹௌரா_ரங்கன்:
அந்த ஆம்பன் கரையேறியபோது நான் கொல்கத்தாவில். மே 20 சாயங்காலம், ஊரடங்கு வேறு. பால்கனிக் கதவு மூச்சுவிடுவதுபோல் உள்ளே வந்து வெளியே போனது. நானும் பக்கத்து வீட்டு தாதாவும் (அங்கே தாதா என்றால் அண்ணன், பயப்பட வேண்டாம்) முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருமே மாஸ்க்கைக் கழற்றவில்லை, அதுதான் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. காலையில் தெருமுனைக் குல்மோகர் வேரோடு படுத்திருந்தது.

பாம்பன்பொண்ணு:
அதே கோடையில் இங்கே கடலுக்குள் நடந்ததை யாரும் பேசுவதில்லை. அம்மா கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். தடைக்காலம் முடிந்து முதல் நாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் இறங்கினார். மேலே வந்தவர் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், “பவளப் பார் முழுக்கச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கிடக்கு” என்றாராம். மன்னார் வளைகுடாவில் 85 சதவீதப் பவளம் சூடு தாங்காமல் வெளுத்ததாகப் பின்னால் ஆய்வில் படித்தேன். “அந்தப் புயல் இந்தப் பக்கம் வந்திருந்தா தண்ணியையாவது கலக்கி ஆத்தியிருக்கும்” என்று அம்மா சொன்னபோது திட்டிவிட்டேன். இன்ஜின்ரூம்வாசி அண்ணா சொல்லும் 29-ஐப் பார்த்தால், அம்மா சொன்னதில் தப்பில்லை போலிருக்கிறது.

விழுப்புரம்_வாத்தியார்:
எல்லாவற்றையும் கடல் சூட்டின் தலையில் கட்டாதீர்கள். மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை என்று காற்று அடித்தால் எவ்வளவு சூடு இருந்தும் புயல் எழாது. 2024 ஃபெஞ்சல் இலங்கை ஓரமாகவே தவழ்ந்து, புயல் என்று பெயர் வாங்கவே நவம்பர் 29 ஆகிவிட்டது. சோப்ளாங்கிப் புயல் என்று நானே வகுப்பில் சொன்னேன். ஆனால் எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது. எங்கள் வீட்டில் ராத்திரி கதவு தட்டும் சத்தம். “யாரு?” என்று இரண்டு தடவை கேட்டேன். அரிசி டிரம் மிதந்து வந்து இடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜின்ரூம்வாசி:
சார், சூடு மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? கடல் வெப்ப அலை என்றால், அந்த இடத்தில் அந்தத் தேதிக்குப் பல வருடமாகப் பதிவான வெப்பத்தில் உச்சப் பத்து சதவீதத்துக்குள் கடல் ஏறி, 5 நாளாவது அப்படியே நீடிப்பது. சாதாரணமாகப் புயல் கடலைக் கடைந்து அடிக்குளிரை மேலே இழுத்து, தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். சூடு ஆழம்வரை இறங்கியிருந்தால் அது லேசில் நடக்காது. வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் உப்பு குறைந்த தண்ணீர் வேறு அடிக்குளிரை மேலே விடாமல் மூடிபோல் மிதக்கிறது. அப்புறம், காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். உங்கள் அரிசி டிரம்மில் அதற்கும் பங்கு உண்டு.

டிரான்சிஸ்டர்_மாமா:
நான் ஒக்கி புயலின்போது கன்னியாகுமரியில் லாட்ஜில் இருந்தேன், கரண்ட் போனது, அவ்வளவுதான். ஆனால் சில விஷயம் சொல்லணும். ‘தாழ்வு மண்டலம்தானே’ என்று படுத்துவிடாதீர்கள். 2017 நவம்பர் 29 தாழ்வு மண்டலம், மறுநாள் அதுவே புயல். தங்கல் போட்டு, அதாவது பல நாள் தங்கி மீன்பிடிக்க, ஆழ்கடலில் இருந்தவனுக்கு யார் போய்ச் சொல்வது? ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இன்காய்ஸ் கடல் வெப்ப அலைக்கும் அறிவிப்பு போடுகிறது, சீசனில் அதையும் பாருங்கள். பேட்டரி டிரான்சிஸ்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும், டவர் விழுந்தால் போன் வெறும் டார்ச்லைட்தான். மொட்டைமாடி சின்டெக்ஸை ரொப்பி வையுங்கள், காலியாக இருந்தால் பறக்கும். தென்னைக்குக் கீழே வண்டி நிறுத்தாதீர்கள், கஜா புயலில் பார்த்தோமே. காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதீர்கள், அது புயலின் கண், நடுப்பகுதி. அடுத்த பாதி எதிர்த்திசையிலிருந்து வரும். அரிசி டிரம்மைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள் வாத்தியாரே.

விழுப்புரம்_வாத்தியார்:
ஐம்பது கிலோ. நீங்கள் வந்து ஏற்றுங்கள்.

பாம்பன்பொண்ணு:
மாமா, எங்கள் வீட்டில் சின்டெக்ஸ் கிடையாது, குடம்தான். 2024 கோடையிலும் பவளம் வெளுத்தது. அம்மா இப்போது அந்தப் பாரைத் தாண்டி அடுத்த தீவில் போய் இறங்குகிறார்.